ப்ரோகிராம் க்ராஷ் ஆச்சு, கோர் ஃபைல் எங்க? லினக்ஸ் கெர்னல்ல கோர் பேட்டர்ன் செட் பண்றது எப்படி

ப்ரோகிராம் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும், திடீர்னு நின்னுடும். டெர்மினல்ல ஓட்டினா "செக்மென்டேஷன் ஃபால்ட்"னு ஒரு வரியாச்சும் வரும், பின்னால சர்வீஸா ஓடுறதா இருந்தா அதுவும் கண்ணுல படாது. லாக்கைத் திறந்து பாத்தா கடைசி வரி ஒண்ணுமே நடக்காத மாதிரி சாதாரணமா இருக்கும், அதே இன்புட்டை வச்சு திரும்ப ஓட்டிப் பாத்தா க்ராஷ் ஆகவே ஆகாது, அப்புறம் பத்து நாள் கழிச்சு நடுராத்திரி மறுபடி விழும். இந்த மாதிரி பக்கை லாக்ல ப்ரின்ட் போட்டுத் தேடுறது ரொம்ப கஷ்டம். இதுக்கு கோர் டம்ப் தான் வேணும், அதாவது ப்ரோகிராம் சாகுற நொடியில அதோட மெமரி, ரெஜிஸ்டர், த்ரெட் எல்லாம் எந்த நிலைமையில இருந்துச்சோ அதை கெர்னலே அப்படியே ஒரு ஃபைலா எழுதி வைக்கிறது.

விஷயம் என்னன்னா இதை முன்கூட்டியே செட் பண்ணி வச்சிருக்கணும். க்ராஷ் ஆனப்புறம் செட்டிங் மாத்தினா போன க்ராஷுக்கு ஒண்ணும் கிடைக்காது, அடுத்தது வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அதனால புது சர்வர் ரெடி பண்ணும்போதே இதையும் போட்டுடுங்கன்னு தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

ஒரு சின்ன குறிப்பு, கீழ கமாண்டும் பாத்தும் தமிழ் எழுத்துல இருக்கு, மெஷின்ல அடிக்கும்போது எல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்து, பெரிய எழுத்து வர்ற இடத்தை மட்டும் தனியா சொல்றேன்.

எந்த சாவுக்கு கோர் வரும், எதுக்கு வராது

எல்லா முடிவுக்கும் கோர் ஃபைல் வராது. செக்மென்டேஷன் ஃபால்ட் (சிக்னல் 11), அபார்ட் (6), தப்பான இன்ஸ்ட்ரக்‌ஷன் (4), பூஜ்யத்தால வகுத்தா வர்ற சிக்னல் (8), பஸ் எரர், க்விட் (3) இதுக்கெல்லாம் கெர்னலோட டிஃபால்ட் நடவடிக்கையே கோர் எழுதிட்டு ப்ராசஸை முடிக்கிறது தான். ஆனா கில் (9), டெர்ம் (15) ரெண்டுக்கும் வராது. மெமரி தீர்ந்து போய் ஓஓஎம் கில்லர் அடிச்சா அது சிக்னல் 9, அதனால கோர் பேட்டர்ன் (கோரை எங்க, என்ன பேர்ல எழுதணும்னு சொல்ற கெர்னல் செட்டிங்) எவ்வளவு அழகா செட் பண்ணியிருந்தாலும் அங்க ஒரு ஃபைலும் வராது, டிமெசேஜ்ல (கெர்னலோட லாக்கைக் காட்டற கமாண்ட்) போய் தான் பாக்கணும். எக்ஸிட் கோடைப் பாத்தாலே பாதி தெரிஞ்சிடும், ஷெல்லு 128 கூட சிக்னல் நம்பரைக் கூட்டித் தரும், 139 வந்தா செக்ஃபால்ட், 134 வந்தா அபார்ட், 137 வந்தா யாரோ கில் பண்ணியிருக்காங்க. 137 வந்தவங்க இந்த கைடை விட்டுட்டு மெமரி யூசேஜைப் பாருங்க, நேரம் மிச்சம்.

இப்ப என்ன செட் ஆகியிருக்குன்னு முதல்ல பாருங்க

கேட் /ப்ராக்/சிஸ்/கெர்னல்/கோர்_பேட்டர்ன்

இதுல மூணு வகையா பதில் வரலாம். வெறும் "கோர்"னு வந்தா அது கெர்னலோட டிஃபால்ட், ப்ரோகிராம் எந்த டைரக்டரில நின்னு ஓடுதோ அங்கயே "கோர்"ங்கற பேர்ல எழுதும். சர்வீஸா ஓடுற ப்ரோகிராமோட டைரக்டரி பெரும்பாலும் ரூட் டைரக்டரி, அதாவது வெறும் "/", அங்க சாதாரண யூசருக்கு எழுத அனுமதி கிடையாது, அதனால கோர் சத்தமில்லாம காணாமப் போகும். இன்னொரு தொல்லை, ரெண்டு தடவை க்ராஷ் ஆனா ரெண்டாவது ஃபைல் முதல் ஃபைல் மேலயே எழுதிடும்.

ரெண்டாவது வகை, முதல் எழுத்தே "|" அதாவது பைப் குறியா இருக்கும், அதுக்கப்புறம் ஒரு ப்ரோகிராமோட முழு பாத் இருக்கும். கெர்னல் கோரை ஃபைலா எழுதாம அந்த ப்ரோகிராமோட ஸ்டாண்டர்ட் இன்புட்ல ஊத்திடும்னு அர்த்தம், 2.6.19 கெர்னல்ல இருந்து இந்த வசதி இருக்கு. உபுண்டுல பெரும்பாலும் அப்போர்ட் (அதோட க்ராஷ் ரிப்போர்ட் ப்ரோகிராம்) இருக்கும், ஃபெடோரா, ஆர்ச் மாதிரி இடத்துல சிஸ்டம்டி-கோர்டம்ப் இருக்கும். சிஸ்டம்டி-கோர்டம்ப் இருந்து, நீங்க சொந்த லேப்டாப்ல டெவலப்மென்ட் மட்டும் பண்றீங்கன்னா எதையும் மாத்த வேணாம்னு தான் சொல்வேன். "கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்" அடிச்சா க்ராஷ் ஆனது எல்லாம் வரிசையா வரும், "கோர்டம்ப்சிடிஎல் டீபக்" அடிச்சா கடைசி க்ராஷ் நேரா ஜிடிபில (டீபக் பண்ற கருவி) திறக்கும். ஃபைல் எல்லாம் /வார்/லிப்/சிஸ்டம்டி/கோர்டம்ப் உள்ள கம்ப்ரெஸ் ஆகி இருக்கும். ஆனா அதுல சைஸ் லிமிட் உண்டு, பழசைத் தானா அழிக்கவும் செய்யும், பெரிய ப்ராசஸோட கோரை எழுதாமலே விட்டுடலாம். சர்வர்ல எங்க வருது, என்ன பேர்ல வருதுன்னு நாமே முடிவு பண்ணி வச்சுக்கறது தான் நிம்மதி.

மூணாவது வகை, ஏற்கனவே யாரோ முழு பாத் குடுத்து செட் பண்ணி வச்சிருப்பாங்க. அப்படின்னா முதல்ல அவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துங்க, ஏன்னா இந்த செட்டிங் மெஷின் மொத்தத்துக்கும் ஒண்ணே ஒண்ணு தான்.

கோர் வர்றதுக்கு ரெண்டு கதவு திறக்கணும்

நிறைய பேர் மாட்டிக்கற இடம் இது தான். கோர் பேட்டர்ன் வந்து "எங்க எழுதணும்"னு சொல்றது, "எழுதலாமா"ன்னு சொல்றது வேற ஒண்ணு, யூலிமிட். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் கோர் சைஸ் லிமிட் தனியா இருக்கு, அது 0 ஆ இருந்தா கெர்னல் ஃபைலே எழுதாது, நிறைய டிஸ்ட்ரோல டிஃபால்ட்டே 0 தான். "யூலிமிட் -சி" அடிச்சுப் பாருங்க, 0ன்னு வந்தா

யூலிமிட் -சி அன்லிமிட்டெட்

போடுங்க. இது அந்த ஷெல்லுக்கும் அதுல இருந்து கிளம்புற ப்ரோகிராமுக்கும் மட்டும் தான், வேற டெர்மினல்ல போய் ஓட்டிட்டு கோர் வரலன்னு சொல்லாதீங்க. பேட்டர்ன்ல பைப் இருந்தா மட்டும் கெர்னல் இந்த லிமிட்டைக் கண்டுக்காது, ஆனா சிஸ்டம்டி-கோர்டம்ப் தானாவே லிமிட்டைப் பாத்து 0 ஆ இருந்தா சேமிக்காம விட்டுடும், அதனால பைப்பா இருந்தாலும் லிமிட்டைத் திறந்து வைக்கறது நல்லது.

எல்லா லாகினுக்கும் நிரந்தரமா வேணும்னா /ஈடிசி/செக்யூரிட்டி/லிமிட்ஸ்.கான்ஃப் ஃபைல்ல இப்படி ஒரு வரி

* சாஃப்ட் கோர் அன்லிமிட்டெட்

அந்த நட்சத்திரம் ரூட் யூசரை சேர்த்துக்காது, ரூட்டுக்கு வேணும்னா "ரூட்"னு தனியா இன்னொரு வரி எழுதணும். போட்டுட்டு லாக்அவுட் பண்ணி மறுபடி லாகின் பண்ணணும். சிஸ்டம்டி சர்வீஸ் இந்த ஃபைலைத் திரும்பிக் கூட பாக்காது, அதுக்கு சர்வீஸ் ஃபைல்ல [சர்வீஸ்] (முதல் எழுத்து பெருசு) பகுதிக்குக் கீழ

லிமிட்கோர்=இன்ஃபினிட்டி

னு போட்டு (இதுல லிமிட்டோட முதல் எழுத்து பெருசு, கோர்ங்கறது முழுக்க பெரிய எழுத்து), டீமன்-ரீலோட் பண்ணி சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும்.

ரீஸ்டார்ட் பண்ண முடியாத ப்ராசஸா இருந்தா? மாசக்கணக்கா ஓடிக்கிட்டு இருக்கும், நிறுத்தினா அந்த பக் வர்ற நிலைமையே போயிடும்ங்கற மாதிரி. அதுக்கு ஒரு அருமையான கமாண்ட் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியறதில்ல:

சுடோ ப்ராலிமிட் --பிட் 4127 --கோர்=அன்லிமிட்டெட்:அன்லிமிட்டெட்

ஓடிக்கிட்டு இருக்கற ப்ராசஸோட லிமிட்டை ஓட ஓட மாத்திடும் (4127 இருக்கற இடத்துல உங்க ப்ராசஸ் ஐடியைப் போடுங்க). உண்மையிலயே மாறிச்சான்னு /ப்ராக்/4127/லிமிட்ஸ் ஃபைல்ல "மேக்ஸ் கோர் ஃபைல் சைஸ்" வரியைப் பாருங்க. நீங்க அடிச்ச யூலிமிட்டை நம்பாதீங்க, இந்த ஃபைலை மட்டும் நம்புங்க, அந்த ப்ராசஸுக்கு நெஜமா என்ன லிமிட்னு சொல்றது இது தான்.

இப்ப கெர்னல் செட்டிங்

முதல்ல ஒரு டைரக்டரி. கெர்னல் உங்களுக்காக டைரக்டரி உண்டாக்கித் தராது, இல்லன்னா கோர் போச்சு அவ்வளவு தான். போதுமான இடம் இருக்கற பார்ட்டிஷன்ல வைங்க, ரூட் பார்ட்டிஷன்ல வைக்காதீங்க, 20 ஜிபி ப்ராசஸ் ஒண்ணு ரெண்டு தடவை விழுந்தாலே டிஸ்க் நிரம்பி மத்த சர்வீஸும் சேர்ந்து படுத்துடும்.

சுடோ எம்கேடிர் -பி /வார்/கோர்ஸ்
சுடோ சிஎச்மாட் 1733 /வார்/கோர்ஸ்

ஏன் 1733ன்னா, க்ராஷ் ஆகுற ப்ராசஸ் எந்த யூசரா ஓடிச்சோ அந்த யூசர் பேர்ல தான் கோர் ஃபைல் உருவாகும், அதனால எல்லா யூசரும் அங்க எழுத முடியணும், ஆனா ஒருத்தர் உள்ள என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் எடுக்கவோ இன்னொருத்தர் ஃபைலை அழிக்கவோ முடியக்கூடாது. ஃபைல் 600 பர்மிஷன்ல தான் உருவாகும், சொந்தக்காரரும் ரூட்டும் மட்டும் படிக்கலாம்.

அப்புறம் முதல்ல தற்காலிகமா போட்டுப் பாருங்க, சரியா வந்தா மட்டும் நிரந்தரமாக்கலாம்:

சுடோ சிஸ்சிடிஎல் -டபிள்யூ கெர்னல்.கோர்_பேட்டர்ன்=/வார்/கோர்ஸ்/கோர்.%இ.%பி.%டி

சில பேர் "சுடோ எக்கோ" போட்டு ">" குறியால நேரா /ப்ராக் ஃபைல்ல எழுதப் பாப்பாங்க, பர்மிஷன் டினைட்னு வரும், ஏன்னா ">" வேலையைச் செய்யறது உங்க சாதாரண ஷெல், சுடோ எக்கோவுக்கு மட்டும் தான் ரூட் குடுத்துச்சு. அப்படியே பண்ணணும்னா எக்கோ அடிச்சு பைப் போட்டு "சுடோ டீ"க்கு அனுப்புங்க.

% எழுத்தெல்லாம் கெர்னல் எழுதும்போது மாத்தி நிரப்பிக்கும். %இ ப்ரோகிராம் பேர், %பி ப்ராசஸ் ஐடி, %டி (டைம்ல வர்ற டி) 1970 ல இருந்து எண்ணின விநாடி, %எஸ் சிக்னல் நம்பர், %யூ யூசர் ஐடி, %எச் மெஷின் பேர். பெரிய எழுத்துல இ போட்டா முழு பாத்தும் வரும், ஸ்லாஷுக்கு பதிலா ஆச்சரியக்குறி போட்டு எழுதும். நான் சிபாரிசு பண்றது மேல இருக்கற மூணு, கூட %எஸ் ஒண்ணு, ஏன்னா ஃபைல் பேரைப் பாத்தவுடனே 11 ஆ 6 ஆன்னு தெரிஞ்சா அபார்ட்டா செக்ஃபால்ட்டான்னு திறக்காமலே பிரிச்சிடலாம். எல்லாத்தையும் போட்டு நீளமாக்காதீங்க, முழுப் பேரும் 128 பைட்டுக்குள்ள அடங்கணும்.

%இ பத்தி ஒண்ணு சொல்லணும். அது எக்ஸிக்யூட்டபிள் ஃபைலோட பேர்னு நினைச்சுக்கறாங்க, நிஜத்துல க்ராஷ் ஆன த்ரெட்டுக்கு கெர்னல் வச்சிருக்கற சின்னப் பேர் அது, அதிகபட்சம் 15 எழுத்து. ப்ரோகிராம் தன்னோட த்ரெட்டுக்கு "ஒர்க்கர்-3"ன்னு பேர் வச்சிருந்தா கோர் ஃபைலும் கோர்.ஒர்க்கர்-3 னு தான் வரும். உங்க ப்ரோகிராம் பேர்ல தேடிட்டு கோர் வரலன்னு முடிவு பண்ணிடாதீங்க, டைரக்டரி முழுக்க நேர வரிசையில ஒரு தடவை பாருங்க.

நிரந்தரமாக்க /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி டைரக்டரிக்குள்ள 60-கோர்டம்ப்.கான்ஃப் னு ஒரு ஃபைல் போடுங்க, உள்ள ரெண்டு வரி போதும்:

கெர்னல்.கோர்_பேட்டர்ன்=/வார்/கோர்ஸ்/கோர்.%இ.%பி.%எஸ்.%டி
கெர்னல்.கோர்_யூசஸ்_பிட்=1

ரெண்டாவது வரி ஒரு காப்பு மாதிரி, பேட்டர்ன்ல %பி இல்லாம போனா கெர்னலே கடைசியில புள்ளி வச்சு ப்ராசஸ் ஐடி சேர்த்துக்கும், %பி இருந்தா இதுக்கு வேலையே இல்ல. அப்புறம் "சுடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம்" அடிச்சா எல்லா ஃபைலையும் படிச்சு ஏத்திக்கும். 60ன்னு ஏன் ஆரம்பிக்கணும்னா ஃபைல் பேர் வரிசையில தான் படிக்கும், பின்னால வர்றது முன்னால வந்ததை மாத்திடும், சிஸ்டம்டியோட ஃபைல் 50-கோர்டம்ப்.கான்ஃப், அதுக்குப் பின்னால நம்மது வரணும்.

உபுண்டுல மட்டும் இதோட முடியாது. அப்போர்ட் சர்வீஸ் ஸ்டார்ட் ஆகும்போது கோர் பேட்டர்னை அதுவே திரும்ப எழுதிடும், அதனால இப்ப டெஸ்ட் பண்ணா வேலை செய்யும், ரீபூட் ஆனதும் பழைய மாதிரி பைப் வந்து நிக்கும். "சுடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் அப்போர்ட்" அடிங்க, அதோட /ஈடிசி/டிஃபால்ட்/அப்போர்ட் ஃபைல்ல எனேபிள்ட்=0 னு மாத்திடுங்க. மாத்திட்டு பேட்டர்னை மறுபடி ஏத்துங்க, நிறுத்தும்போதும் அது பேட்டர்னைத் தொடும். முடிஞ்சா ஒரு ரீபூட் போட்டு கேட் அடிச்சுப் பாத்துட்டு தான் வேற வேலைக்குப் போகணும்.

க்ராஷ் பண்ணிப் பாத்துடுங்க

நெஜமான க்ராஷ் வர்ற வரைக்கும் காத்திருக்காம இப்பவே ஒண்ணை சாகடிச்சுப் பாக்கலாம்.

ஸ்லீப் 300 &
கில் -செக்வி %1

(செக்வி முழுக்க பெரிய எழுத்து, நாலு எழுத்து, ஆரம்பத்துல சிக் வேணாம்.) என்டர் ஒரு தடவை தட்டினா "செக்மென்டேஷன் ஃபால்ட்" கூடவே அடைப்புக்குறிக்குள்ள "கோர் டம்ப்ட்"னு வரணும். அந்த ரெண்டு வார்த்தை வரலன்னா கெர்னல் எழுதவே இல்லன்னு அர்த்தம், முதல்ல யூலிமிட்டைப் பாருங்க. பைப் செட் ஆகியிருக்கற மெஷின்ல இந்த வார்த்தையை முழுசா நம்பாதீங்க, பைப்புக்குப் போனாலே அப்படி வரும், அந்தப் பக்கம் வாங்கின ப்ரோகிராம் தூக்கிப் போட்டிருந்தாலும் வரும்.

இப்ப சுடோ போட்டு /வார்/கோர்ஸ் உள்ள பாத்தா கோர்.ஸ்லீப்.4127.11.1736930412 மாதிரி ஒண்ணு இருக்கும். கடைசி நம்பர் தான் நேரம், "டேட் -டி @1736930412" னு அடிச்சா 2025 ஜனவரி 15, யூடிசி நேரம் காலை 8:40:12 னு சொல்லும், லாக்ல அதே நேரத்துக்குப் போய் பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு பாக்க இது ரொம்ப உதவும்.

டெர்மினல்ல வந்துச்சுன்னு விட்டுடாதீங்க, உங்க சர்வீஸையே ஒரு டெஸ்ட் மெஷின்ல இதே மாதிரி அடிச்சுப் பாருங்க, ஏன்னா சர்வீஸுக்கு சூழ்நிலையே வேற.

எல்லாம் சரியா இருந்தும் வரலையா

சிஸ்டம்டில செக்யூரிட்டிக்காக ப்ரைவேட்டெம்ப், ப்ரொடெக்ட்சிஸ்டம் மாதிரி ஆப்ஷன் போட்டிருப்பாங்க. கோர் பேட்டர்ன்ல இருக்கற பாத்தை கெர்னல் க்ராஷ் ஆன ப்ராசஸோட பார்வையில இருந்து தான் பாக்கும், உங்க பார்வையில இருந்து இல்ல. பேட்டர்ன்ல /டெம்ப் குடுத்து, சர்வீஸ்ல ப்ரைவேட்டெம்ப் ஆன்ல இருந்தா கோர் அந்த சர்வீஸோட தனி டெம்ப்புக்குள்ள விழும், சர்வீஸ் நின்னதும் அந்த டெம்ப்பே அழிஞ்சிடும், கோரும் கூடவே போகும். ப்ரொடெக்ட்சிஸ்டம் "ஸ்ட்ரிக்ட்"ல இருந்தா /வார் மொத்தமும் ரீட்-ஒன்லி, எழுதவே முடியாது, அதுக்கு ரீட்ரைட்பாத்ஸ்=/வார்/கோர்ஸ் னு சர்வீஸ் ஃபைல்ல சேர்க்கணும் (ரீட், ரைட், பாத்ஸ் மூணுலயும் முதல் எழுத்து பெருசு). இந்த ரெண்டும் எந்த எரரும் காட்டாம கோரை முழுங்கிடும், அதனால தான் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்.

கண்டெய்னர் கதையும் இதே தான். கோர் பேட்டர்ன் கண்டெய்னருக்குத் தனியா கிடையாது, ஹோஸ்ட்ல என்னவோ அது தான் எல்லாத்துக்கும், கண்டெய்னர் உள்ள இருந்து மாத்தப் பாத்தா சாதாரணமா ரீட்-ஒன்லின்னு வரும். ஹோஸ்ட்ல பாத் குடுத்திருந்தா அந்த பாத் கண்டெய்னரோட ஃபைல் சிஸ்டத்துக்குள்ள தேடப்படும், அங்க /வார்/கோர்ஸ் இல்லன்னா எழுதாது, அதனால ஹோஸ்ட்டோட டைரக்டரியை வால்யூமா மவுண்ட் பண்ணிடுங்க, டாக்கர்ல "--யூலிமிட் கோர்=-1" சேர்த்துடுங்க. பைப் குடுத்திருந்தா அந்த ப்ரோகிராம் ஹோஸ்ட்ல, ரூட்டா ஓடும். இன்னொண்ணு, கண்டெய்னர் உள்ள ப்ராசஸ் ஐடி பெரும்பாலும் 1 தான், அதனால சின்ன %பி போட்டா எல்லா கோரும் 1, 1, 1 னு வரும், பெரிய எழுத்து பி போட்டா ஹோஸ்ட்ல இருக்கற நெஜ ஐடி வரும். கண்டெய்னர் நிறைய ஓட்டுற மெஷின்னா பெரிய பி தான் போடணும்.

மத்த காரணத்தை வேகமா சொல்லிடறேன். ப்ரோகிராமே செக்ஃபால்ட் சிக்னலைப் பிடிச்சு ஒரு மெசேஜ் எழுதிட்டு சாதாரணமா எக்ஸிட் ஆனா கெர்னலைப் பொறுத்த வரைக்கும் க்ராஷே நடக்கல. அந்த ஹேண்ட்லர் கடைசியில அபார்ட் கூப்பிடற மாதிரி, இல்லன்னா டிஃபால்ட்டுக்கு மாத்திட்டு அதே சிக்னலைத் திரும்ப எழுப்புற மாதிரி எழுதச் சொல்லுங்க. கோ மொழியில எழுதின ப்ரோகிராம் பேனிக் ஆனா வெறும் ட்ரேஸ் தான் வரும், கோர் வேணும்னா கோட்ரேஸ்பேக்ங்கற என்விரான்மென்ட் வேரியபிளை (முழுக்க பெரிய எழுத்து) க்ராஷ்னு வைக்கணும். ப்ரோகிராம் ஃபைலைப் படிக்க அந்த யூசருக்கு பர்மிஷன் இல்லன்னாலும், டிஸ்க் நிரம்பியிருந்தாலும் வராது. செட்யூஐடி ப்ரோகிராமுக்கும் (யார் ஓட்டினாலும் ஃபைல் சொந்தக்காரரோட அதிகாரத்துல ஓடுறது) வராது, ஆரம்பத்துல ரூட்டா ஓடி நடுவுல சாதாரண யூசரா மாறுற டீமனுக்கும் அதே கதி தான், அதுக்கு எஃப்எஸ்.சூயிட்_டம்பபிள் னு தனி செட்டிங் இருக்கு, டிஃபால்ட் 0. 2 வச்சா கோர் வரும் ஆனா ரூட் மட்டும் படிக்கலாம், அதுக்கு பேட்டர்ன்ல முழு பாத்தோ பைப்போ இருந்தே ஆகணும். 1 வைக்காதீங்க, எந்தக் காரணத்துக்கும்.

சைஸ் பயமுறுத்துதா

எல்எஸ் -எல் அடிச்சா 30 ஜிபின்னு காட்டும், பயந்துடாதீங்க, "டியூ -எச்" அடிச்சுப் பாருங்க, நெஜமா டிஸ்க்ல அதைவிட ரொம்பக் குறைவா இருக்கலாம், கோர் ஃபைல்ல தொடாத பக்கம் எல்லாம் ஓட்டையா விட்டு எழுதும். காப்பி பண்ணும்போது அந்த ஓட்டையைக் காப்பாத்த டார் -எஸ் (பெரிய எஸ்) யூஸ் பண்ணுங்க, இல்லன்னா முதல்லயே இசட்எஸ்டிடி போட்டு சுருக்கிடுங்க.

நெஜமாவே பெருசா இருந்தா என்னென்ன எழுதணும்னு தேர்ந்தெடுக்கலாம். /ப்ராக்/4127/கோர்டம்ப்_ஃபில்டர் னு ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு பிட் மாஸ்க் இருக்கு, சாதாரணமா ஹெக்ஸ் 33, அதாவது தனி மெமரி, பகிர்ந்த மெமரி, எல்ஃப் ஹெடர், தனி ஹ்யூஜ் பேஜ். டேட்டாபேஸ் மாதிரி பெரிய ஷேர்ட் மெமரி வச்சிருக்கற ப்ராசஸ்ல அந்த ஷேர்ட் பகுதி டீபக்குக்கு வேணாம்னா ஒண்ணாவது பிட்டை (0 ல இருந்து எண்ணி) அணைக்கலாம், ஹெக்ஸ் 31, டெசிமல்ல 49 ஆகும், அந்த ஃபைல்ல 49 னு எழுதினா போதும். ஃபோர்க் ஆனாலும் எக்ஸெக் ஆனாலும் இது கூடவே வரும், அதனால சர்வீஸை ஸ்டார்ட் பண்ற ஸ்க்ரிப்ட்லயே எழுதி வச்சிடலாம். யூலிமிட்ல ஒரு சைஸ் குடுத்து வெட்டறது மட்டும் வேணாம், பாதி கோரை ஜிடிபி திறந்தாலும் ஸ்டாக் இருக்கற பக்கம் போயிருந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல.

எழுதற நேரத்தையும் கணக்குல வைங்க. பெரிய ப்ராசஸ் கோர் எழுதி முடிக்கற வரைக்கும் அது முழுசா சாகாது, மெமரியும் அது கையிலயே இருக்கும், சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆக அவ்வளவு நேரம் தள்ளிப் போகும். சில நொடி கூட நிக்கக் கூடாத சர்வீஸ்னா ஃபில்டரை இறுக்கி வைங்க.

கோரைத் திறக்கறது

ஜிடிபி /ஆப்ட்/கணக்கு/கணக்கன் /வார்/கோர்ஸ்/கோர்.கணக்கன்.5210.11.1736931000

முதல்ல எக்ஸிக்யூட்டபிள், அப்புறம் கோர். க்ராஷ் ஆன அதே பில்டா இருக்கணும், சோர்ஸ் ஒண்ணு தானேன்னு திரும்ப கம்பைல் பண்ணின பைனரியைக் குடுத்தா அட்ரஸ் எல்லாம் நழுவி சம்பந்தமே இல்லாத ஃபங்ஷன் பேர் காட்டும். அதனால ரிலீஸ் பண்ற ஒவ்வொரு பில்டோட டீபக் இன்ஃபோவையும் எடுத்து வைங்க. "-ஜி" போட்டு கம்பைல் பண்றதால ப்ரோகிராம் வேகம் குறையாது, ஃபைல் தான் பெருசாகும், ஆப்டிமைசேஷன் கூடவே போடலாம். சர்வர்ல ஸ்ட்ரிப் பண்ணினதை வச்சுட்டு டீபக் ஃபைலை உங்க கிட்ட தனியா வச்சுக்கலாம், பில்ட் ஐடியை வச்சு ஜிடிபி ரெண்டையும் பொருத்திக்கும்.

திறந்ததும் "பிடி" அடிங்க, பேக்ட்ரேஸோட சுருக்கம் அது, எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டுச்சுன்னு வரிசையா காட்டும். இந்த மாதிரி வரும்னு வைங்க: 0 வது ஃப்ரேம் ஸ்ட்ர்லென், 1 வது ஃப்ரேம் பேர்_எழுது, அதுல ஆள் னு ஒரு ஆர்க்யுமென்ட், 2 வது ஃப்ரேம் பட்டியல்_அச்சிடு, 3 வது மெயின். ஸ்ட்ர்லென்ல விழுந்திருக்குன்னு லைப்ரரியை சந்தேகப்படாதீங்க, நம்ம கோடுக்கு இறங்கி வாங்க. "ஃப்ரேம் 1" அடிச்சு "ப்ரின்ட் *ஆள்" அடிச்சா ஐடி 88, வயசு 41, பேர் மட்டும் பூஜ்ய பாயின்டர். சரி, ஆள் இருக்காரு, பேர் தான் நிரப்பல. "ஃப்ரேம் 2", "இன்ஃபோ லோக்கல்ஸ்" அடிச்சா லூப்ல ஐ 512, மொத்தம் 513, அதாவது கடைசி ஆள். பட்டியல்ல கடைசியா சேர்த்த ஆளுக்கு பேர் நிரப்பறதுக்கு முன்னாடியே யாரோ எண்ணிக்கையை ஏத்திட்டாங்க. அந்த "யாரோ" வேற த்ரெட், அதைப் பிடிக்க

த்ரெட் அப்ளை ஆல் பிடி ஃபுல்

அடிச்சுப் பாத்தா இன்னொரு த்ரெட் ஆள்_சேர் ஃபங்ஷனுக்குள்ள பேருக்கு மெமரி வாங்கற வரியில நின்னுக்கிட்டு இருக்கும். லாக்ல எத்தனை ப்ரின்ட் போட்டாலும் இந்த ரெண்டு த்ரெட்டும் அந்த ஒரே நொடியில எங்க நின்னுச்சுன்னு தெரியாது, கோர்ல தெரியும். நான் எந்த கோரைத் திறந்தாலும் முதல்ல இந்த வரியைத் தான் அடிச்சு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல சேமிச்சுக்குவேன், பக் ரிப்போர்ட்ல போடறதுக்கும் அது தான் சரியான பொருள்.

கோர் கிடைக்காமப் போன க்ராஷுக்கு டிமெசேஜ்ல ஒரு வரியாச்சும் இருக்கும், "செக்ஃபால்ட் அட்" னு ஒரு அட்ரஸும் அதே வரியில "எரர்" னு ஒரு நம்பரும். எரர் 4 ன்னா இல்லாத இடத்தைப் படிக்கப் பாத்திருக்கு, 6 ன்னா எழுதப் பாத்திருக்கு, 14 ன்னா அந்த இடத்துல கோடு இருக்குன்னு ஓடப் பாத்திருக்கு, அதாவது ஃபங்ஷன் பாயின்டர் கெட்டுப் போயிருக்கு. அட்ரஸ் 0 வோ அதுக்குப் பக்கத்துலயோ இருந்தா பூஜ்ய பாயின்டர் தான் பெரும்பாலும்.

க்ராஷ் ஆகாம தொங்கி நிக்கற ப்ராசஸுக்கும் இதே வழி, "ஜிகோர் 4127" அடிச்சா ப்ராசஸை சாகடிக்காமலே ஒரு கோர் எடுத்துக் குடுக்கும், எடுக்கற நேரத்துக்கு மட்டும் நிறுத்தி வைக்கும். அதுக்கு கோர் பேட்டர்னும் வேணாம், யூலிமிட்டும் வேணாம்.

கோர் ஃபைலை யாருக்கு அனுப்பறீங்கன்னு பாத்துக்கோங்க

மெமரில இருந்தது எல்லாம் கோர்ல இருக்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், டிஎல்எஸ் ப்ரைவேட் கீ, அந்த நேரத்துல லாகின் பண்ணினவங்க டோக்கன், கஸ்டமர் விவரம், எல்லாமே. "ஸ்ட்ரிங்ஸ்" கமாண்ட் போட்டு ஒரு தடவை பாத்தீங்கன்னா நீங்களே புரிஞ்சுக்குவீங்க. 2025 மே மாசம் அப்போர்ட்லயும் சிஸ்டம்டி-கோர்டம்ப்லயும் ரேஸ் கண்டிஷன் ஓட்டை வெளிய வந்துச்சு, செட்யூஐடி ப்ரோகிராமை க்ராஷ் பண்ண வச்சு அதோட கோரைப் படிச்சு பாஸ்வேர்ட் ஹாஷ் வரைக்கும் எடுக்க முடிஞ்சுது. பேட்ச் போடற வரைக்கும் எஃப்எஸ்.சூயிட்_டம்பபிள் 0 வையுங்கன்னு தான் அப்ப சொன்னாங்க. அதனால கோரை வெளிய யாருக்கும் அப்படியே அனுப்பாதீங்க, பிடி எடுத்த டெக்ஸ்டை அனுப்புங்க, அதையும் "ஃபுல்" போட்டு எடுத்திருந்தா வேரியபிள் மதிப்பெல்லாம் ஒரு தடவை படிச்சுட்டு அனுப்புங்க.

பழசைத் தானா அழிக்க /ஈடிசி/டெம்ப்ஃபைல்ஸ்.டி டைரக்டரிக்குள்ள கோர்ஸ்.கான்ஃப் னு ஒரு ஃபைல் வச்சு இந்த ஒரு வரி போடுங்க (டைரக்டரி பேர்ல டெம்ப்ங்கறது இ இல்லாம டி, எம், பி மட்டும், வரியில இருக்கற ரெண்டு டியும் டைரக்டரில வர்ற டி):

டி /வார்/கோர்ஸ் 1733 ரூட் ரூட் 7டி

7 நாளுக்கு மேல பழசானதை சிஸ்டம்டியே சுத்தம் பண்ணிடும், டைரக்டரி இல்லன்னா பூட் ஆகும்போது சரியான பர்மிஷனோட உண்டாக்கியும் வச்சிடும். இன்னும் பாக்க வேண்டிய கோர் இருந்தா அதுக்குள்ள வேற இடத்துக்கு நகர்த்தி வச்சுக்கோங்க.